ஆட்டோ ஸ்டார்ட்டர் தெரியுமா? அப்போ கிளவுட் ஸ்கிரிப்ட்டும் பழகிடலாம்!



இந்த இதழ்ல கிளவுட் பத்தி ஒரு பாடம். "கிளவுட்னா என்ன" அப்படிங்கிற ஆரம்பப் பாடம் இல்ல, அது செமஸ்டர் புத்தகத்திலேயே இருக்கு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கோ, நான் முதல்வன் கோர்ஸுக்கோ ஒரு கிளவுட் கணக்கு திறந்து, ஒண்ணு ரெண்டு சர்வர் ஓட விட்டுப் பார்த்தவங்களுக்கான பாடம் இது. அந்த சர்வர்களை வெப் பக்கத்துல கிளிக் பண்ணிப் பண்ணி நிர்வாகம் பண்றதுக்குப் பதிலா, சின்னச் சின்ன கமாண்ட் லைன் ஸ்கிரிப்ட் எழுதி எப்படிப் பார்த்துக்கிறது, அதில் எங்கே ஜாக்கிரதையா இருக்கணும்னு பார்ப்போம்.

ஒரு சின்ன குறிப்பு: கட்டளைகளை எல்லாம் வாசிக்கிற மாதிரி தமிழ் எழுத்தில் போட்டிருக்கேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்கணும். எழுத்துக்கூட்டல் சந்தேகம் வந்தா, எந்த ஏடபிள்யூஎஸ் கட்டளைக்கும் கடைசியில் 'ஹெல்ப்'னு சேர்த்து அடிங்க. முழு விளக்கமும் அங்கேயே வரும்.

தோட்டத்து மோட்டார்ல இருந்து ஆரம்பிப்போம்

எங்க ஊர் தர்மபுரி மாவட்டம், அரூர் வட்டம், தீர்த்தமலை. மலைமேல தீர்த்தகிரீஸ்வரர் கோயில் இருக்கு. அங்கே ராமர் தீர்த்தம் பாறையில இருந்து தானா விழுந்துக்கிட்டே இருக்கும். யாரும் வால்வு திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். ஆனா மலைக்குக் கீழே தோட்டத்துக்குத் தண்ணி அப்படி வராது. போர்வெல் மோட்டார் ஓடணும், அதுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வரணும். அது ராத்திரி எந்நேரமும் வரலாம். அதுக்காக யாரும் தோட்டத்துலயே உட்கார்ந்திருக்க முடியாது. அதனாலதான் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டுறாங்க.

அந்தப் பெட்டிக்குள்ள மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, நிபந்தனை: மூணு ஃபேஸும் வந்திருக்கா? ரெண்டு, செயல்: மோட்டாரைப் போடு. மூணு, காவல்: ஒரு ஃபேஸ் போயிட்டாலோ, போர்ல தண்ணி இல்லைன்னாலோ மோட்டாரை உடனே நிறுத்து. மூணாவது இல்லாத ஸ்டார்ட்டரை எந்த விவசாயியும் நம்பி மாட்ட மாட்டார். காயில் கருகிப் போனா ரீவைண்டிங் செலவு யாருடையது?

கிளவுட் ஸ்கிரிப்ட்டும் இதே மூணுதான்: நிபந்தனை, செயல், காவல். ஆனா நாம வீடியோ பார்த்து எழுதுற ஸ்கிரிப்ட்டுகள்ல முதல் ரெண்டு மட்டும்தான் பெரும்பாலும் இருக்கும். இந்தப் பாடத்தோட சாரமே மூணாவதுதான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கு. தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். மோட்டாரை நிறுத்த மறந்தா தண்ணிதான் வீணாகும். கிளவுட்ல மறந்தா, கணக்குல இணைச்சிருக்கிற கார்டுல இருந்து பணம் போகும். நம்மில் பல பேருக்கு அது அப்பாவோட கார்டு.

மீட்டர் எங்கெல்லாம் ஓடுது?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜூலை 15-க்கு முன்னாடி திறந்த ஏடபிள்யூஎஸ் கணக்குகளுக்கு முதல் 12 மாசம், மாசத்துக்கு 750 மணி நேரம் மைக்ரோ சர்வர் இலவசம். 31 நாள் மாசத்துல மொத்தமே 744 மணி நேரம்தான். அதனால ஒரு சர்வர் நிறுத்தாம ஓடினாலும் பிரச்சினை இல்ல. ஆனா ரெண்டு சர்வர் ஓடினா? 375 மணி நேரத்துல, அதாவது பதினாறாவது நாள் இலவசம் தீர்ந்துடும். அந்தத் தேதிக்கு அப்புறம் திறந்த கணக்குகளுக்கு மணிக்கணக்குக்குப் பதிலா கிரெடிட் தர்றாங்க. அது தண்ணித் தொட்டி மாதிரி, திறந்து விட்டா காலியாகும்.

சர்வரை நிறுத்திட்டா எல்லாம் நின்னுடுமா? இல்ல. அதோட டிஸ்க்குக்கான கட்டணம் ஓடிக்கிட்டே இருக்கும். 2024 பிப்ரவரி 1 முதல் எல்லா பப்ளிக் ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம். எலாஸ்டிக் ஐபி ஒண்ணு வாங்கி சும்மா வச்சிருந்தாலே 30 நாளைக்கு 3.60 டாலர். நாட் கேட்வேன்னு ஒண்ணு இருக்கு. நெட்வொர்க் பாடம் பண்ணும்போது உருவாக்கிட்டு, பாடம் முடிஞ்சதும் பல பேர் மறந்துடுற பொருள் அது. வர்ஜீனியா ரீஜியன்ல அதுக்கு மணிக்கு 0.045 டாலர். 30 நாளைக்கு 32.40 டாலர், நம்ம காசுக்கு 2,500 ரூபாய்க்கு மேல. சர்வரை நிறுத்துறதால இது நிக்காது.

அஷ்யூர்ல இன்னொரு பொறி. அங்கே 'விஎம் ஸ்டாப்'னு கட்டளை கொடுத்தா மெஷின் நிக்கும், ஆனா கம்ப்யூட் கட்டணம் நிக்காது. 'விஎம் டீஅலோகேட்'னு கொடுத்தாதான் நிக்கும். ஒரே ஒரு வார்த்தை வித்தியாசம்தான்.

பட்ஜெட் அலர்ட் வச்சா போதாதான்னு கேட்பீங்க. கண்டிப்பா வைங்க. ஆனா பட்ஜெட் தகவல் ஒரு நாளைக்கு மூணு தடவை வரைதான் புதுப்பிக்கப்படுது. மெயில் வர்றதுக்குள்ள பல மணி நேரம் ஓடியிருக்கும். நீங்களா தனியா ஏற்பாடு பண்ணாத வரைக்கும் அலர்ட் எதையும் நிறுத்தாது, சொல்ல மட்டும்தான் செய்யும்.

வெப் பக்கம் இருக்கும்போது கமாண்ட் லைன் எதுக்கு?

முதல் காரணம் ரொம்ப சாதாரணமானது: சிக்னல். லீவுக்கு ஊருக்கு வந்து ஹாட்ஸ்பாட்டுல கன்சோலைத் திறந்து பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் எவ்வளவு கனமானதுன்னு. பட்டன் வர்றதுக்குள்ள செஷன் முடிஞ்சிடும். கமாண்ட் லைன்ல போறது ஒரு சின்ன கோரிக்கை, வர்றது கொஞ்சம் எழுத்து. ஒரே ஒரு பார் சிக்னல்லயும் வேலை நடக்கும்.

ரெண்டாவது காரணம், எழுத்துல இருக்கிறது. நேத்து எந்த எட்டு பட்டனை அழுத்தினோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஸ்கிரிப்ட்ல எட்டு வரியும் அப்படியே இருக்கும். டீம்ல இருக்கிற மத்த மூணு பேரும் படிக்கலாம், தப்பு கண்டுபிடிக்கலாம், அடுத்த பேட்ச் ஜூனியருக்குக் கொடுக்கலாம்.

மூணாவது, கன்சோல் வழக்கமா ஒரு நேரத்துல ஒரு ரீஜியனைத்தான் காட்டும். மும்பை ரீஜியன்ல எல்லாம் காலியா இருக்கும். ஆனா முதல் நாள் டுடோரியல் பார்த்துப் பண்ணின சர்வர் வர்ஜீனியாவுல நிம்மதியா ஓடிக்கிட்டிருக்கும். ஸ்கிரிப்ட் எழுதினா எல்லா ரீஜியனையும் வரிசையா தட்டிப் பார்க்கலாம்.

ஒரு கட்டளையைப் பிரிச்சுப் பார்ப்போம்

ஏடபிள்யூஎஸ் கட்டளை எல்லாமே ஒரே அச்சுல வார்த்ததுதான்:

கருவி – சேவை – வினை – விவரங்கள்

உதாரணம்: 'ஏடபிள்யூஎஸ் – இசி2 – டிஸ்க்ரைப்-இன்ஸ்டன்சஸ் – --ரீஜியன் ஏபி-சௌத்-1'. ஏடபிள்யூஎஸ் கருவியே, இசி2 சேவையில், சர்வர்களை விவரி, மும்பையில் மட்டும் பார், அவ்வளவுதான். அஷ்யூர்ல கருவியோட பேர் 'ஏஇசட்', கூகுள்ல 'ஜிகிளவுட்'. பேர் மாறினாலும் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான்.

வினைகளை மூணு வகையாப் பிரிச்சு மனசுல வச்சுக்கோங்க. 'டிஸ்க்ரைப்', 'லிஸ்ட்', 'கெட்'னு ஆரம்பிச்சா பார்க்கிற வேலை. 'ஸ்டாப்', 'ஸ்டார்ட்' வந்தா மாத்துற வேலை, திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வரலாம். 'டெர்மினேட்', 'டெலிட்' வந்தா அழிக்கிற வேலை. டெர்மினேட் பண்ணின சர்வர் திரும்ப வராது, வழக்கமான அமைப்புல அதோட ரூட் டிஸ்க்கும் சேர்ந்தே போயிடும்.

கத்துக்கிற வரிசையும் இதேதான்: முதல்ல பார், அப்புறம் நிறுத்து, கடைசியா அழி. அழிக்கிற ஸ்கிரிப்ட்டை முதல் மாசத்துல எழுதவே எழுதாதீங்க.

முதல் ஸ்கிரிப்ட்: பார்க்க மட்டும்

இதோட வேலை, எல்லா ரீஜியன்லயும் என்ன ஓடுதுன்னு சொல்றது. படிகள்:

1. 'டிஸ்க்ரைப்-ரீஜியன்ஸ்' கட்டளையால ரீஜியன் பேர்களை வாங்கு.
2. ஒவ்வொரு ரீஜியனுக்கும் 'ஃபார்' லூப் போடு.
3. உள்ளே 'டிஸ்க்ரைப்-இன்ஸ்டன்சஸ்' கொடு. '--ஃபில்டர்ஸ்' வச்சு 'ரன்னிங்' நிலையில இருக்கிறதை மட்டும் எடு.
4. '--க்வெரி' வச்சு ஐடி, வகை, ஆரம்பிச்ச நேரம் இந்த மூணை மட்டும் எடு. '--அவுட்புட் டேபிள்' போட்டா கட்டம் கட்டி அழகா வரும்.
5. அதே லூப்ல 'டிஸ்க்ரைப்-அட்ரஸஸ்', 'டிஸ்க்ரைப்-நாட்-கேட்வேஸ்' ரெண்டையும் சேர்த்துக்கோ. மறந்து போன ஐபியும் கேட்வேயும் மாட்டும்.

இந்த ஸ்கிரிப்ட் எதையும் மாத்தாது. அதனால தைரியமா நூறு தடவை ஓட்டலாம். பாஷ் பழகுறதுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. விண்டோஸ் லேப்டாப்னா டபிள்யூஎஸ்எல் போட்டுக்கோங்க.

ரெண்டாவது ஸ்கிரிப்ட்: ராத்திரி நிறுத்து

இங்கே முதல் வேலை டேக். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு சீட்டு ஒட்டுற மாதிரி, 'ஆட்டோஸ்டாப் = எஸ்' அப்படின்னு டேக் வைங்க. ஸ்கிரிப்ட் அந்த டேக் இருக்கிறதை மட்டும்தான் தொடணும். "இதைத் தவிர எல்லாத்தையும் நிறுத்து"ன்னு எழுதாதீங்க, "இதை மட்டும் நிறுத்து"ன்னு எழுதுங்க. டேக் வைக்க மறந்தா ஒரு சர்வர் ராத்திரி சும்மா ஓடும், அவ்வளவுதான். தலைகீழா எழுதி மறந்தா, பக்கத்து டீமோட டெமோ சர்வர் நின்னு போகும்.

அடுத்து ஒரு வேடிக்கை. தோட்டத்துல 'ட்ரை ரன்'னா தண்ணி இல்லாம மோட்டார் ஓடுறது, ஆபத்து. அதைத் தடுக்கத்தான் ஸ்டார்ட்டர்ல தனி ஏற்பாடே இருக்கு. கிளவுட்ல 'ட்ரை ரன்'னா ஒத்திகை, நமக்குப் பாதுகாப்பு! 'ஸ்டாப்-இன்ஸ்டன்சஸ்' கட்டளையோட '--ட்ரை-ரன்' சேர்த்தா, எதையும் நிறுத்தாம, நிறுத்த உங்களுக்கு அனுமதி இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லும். அனுமதி இருந்தா 'ட்ரைரன்ஆபரேஷன்'னு பதில் வரும். அது பிழைச் செய்தி மாதிரியே இருக்கும், பயப்படாதீங்க, நல்ல செய்திதான். ஆனா எதையெல்லாம் நிறுத்தப் போகுதுன்னு அது பட்டியல் போடாது. அதனால முந்தின வரியில 'எக்கோ' போட்டு ஐடி எல்லாத்தையும் நீங்களே அச்சிட்டுப் பாருங்க.

அப்புறம் நேரம். லினக்ஸ்ல 'க்ரான்' இருக்கு: நிமிஷம், மணி, தேதி, மாசம், கிழமை – இந்த அஞ்சு இடம். தினமும் ராத்திரி 10:30-க்கு ஓட '30 22 * * *'. இது நம்ம லேப்டாப்புக்கு. கிளவுட் சர்வர்ல கடிகாரம் பெரும்பாலும் யுடிசி நேரத்துல இருக்கும், நம்ம நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னாடி. அங்கே '0 17 * * *'னு போட்டாதான் நமக்கு 10:30. இதை விட்டுட்டா ஸ்கிரிப்ட் விடியற்காலை 4 மணிக்கு ஓடும்.

லேப்டாப்பை மூடி வச்சிருந்தா க்ரான் ஓடாது. அதுக்கு ஏடபிள்யூஎஸ்லயே 'ஈவன்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர்' இருக்கு. 'ஏசியா/கொல்கத்தா'ன்னு நேர மண்டலம் கொடுத்துடலாம், யுடிசி தலைவலியும் இல்ல.

மூணு விபத்து, நாலு காவல்

இனிதான் முக்கியமான பகுதி. கீழே இருக்கிற மூணும் உலகம் அறிஞ்ச சம்பவங்கள். கை தேர்ந்தவங்க இருந்த இடங்களில் நடந்தவை.

*ஸ்டீம், 2015 ஜனவரி.* கேம் விளையாடுற ஸ்டீம் மென்பொருளோட லினக்ஸ் பதிப்புல ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். தான் இருக்கிற ஃபோல்டரோட பாதையை ஒரு வேரியபிள்ல வாங்கி, அதுக்குள்ள இருக்கிறதை அழிக்கிற வரி அதுல இருந்தது. ஃபோல்டரை வேற இடத்துக்கு மாத்தியிருந்த ஒருத்தருக்கு அந்த வேரியபிள் காலியா வந்துச்சு. "இந்த ஃபோல்டருக்குள் எல்லாம்" அப்படிங்கிறது "ரூட்டுக்குள் எல்லாம்"னு ஆயிடுச்சு. அவரோட ஃபைல்கள் போச்சு, மாட்டியிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருந்ததும் போச்சு.

காவல் 1: ஸ்கிரிப்ட்டோட ரெண்டாவது வரியில 'செட் -இயூஓ பைப்ஃபெயில்'னு எழுதுங்க. இல்லாத வேரியபிளைப் பயன்படுத்தினாலோ, நடுவுல ஒரு கட்டளை தோத்தாலோ ஸ்கிரிப்ட் அங்கேயே நின்னுடும். ஆனா இருந்தும் காலியா இருக்கிற வேரியபிளை இது பிடிக்காது. அதனால பட்டியல் காலியான்னு 'இஃப்' போட்டுத் தனியா சோதிங்க. ட்ரை ரன் பதிலும் தோல்விக் கணக்குலதான் சேரும், ஒத்திகை வரியிலேயே ஸ்கிரிப்ட் நின்னா அதுதான் காரணம்.

*கிட்லேப், 2017 ஜனவரி 31.* ரெண்டு டேட்டாபேஸ் சர்வர், ரெண்டுக்கும் பேர்ல ஒரு எண்தான் வித்தியாசம். ராத்திரி வேலையில இருந்த இன்ஜினியர் நகல் சர்வர்ல அழிக்க வேண்டியதை முதன்மை சர்வர்ல அழிச்சுட்டார். ஓரிரு நொடியில கவனிச்சு நிறுத்தினார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபியில 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் எடுக்கிற தானியங்கி வேலை பதிப்புப் பொருத்தம் இல்லாம பல நாளா தோத்துக்கிட்டிருந்தது, எச்சரிக்கை மெயிலும் போய்ச் சேரலை. ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

காவல் 2: ஸ்கிரிப்ட் ஆரம்பத்துல 'ஏடபிள்யூஎஸ் – எஸ்டிஎஸ் – கெட்-காலர்-ஐடென்டிட்டி' ஓட்டி, வர்ற கணக்கு எண் நம்ம ப்ராஜெக்ட் கணக்குதானான்னு ஒப்பிடுங்க. இல்லைன்னா 'எக்ஸிட்'.

காவல் 3: வெளியீட்டையும் பிழையையும் ஒரு லாக் ஃபைல்ல சேருங்க. முடிஞ்சதும் "எத்தனை நிறுத்தினேன், இன்னும் எத்தனை ஓடுது"ன்னு ஸ்கிரிப்ட்டே மறுபடி எண்ணிப் பார்த்து எழுதட்டும். ஓடின ஸ்கிரிப்ட் வேற, வேலையை முடிச்ச ஸ்கிரிப்ட் வேற.

*ஏடபிள்யூஎஸ் எஸ்3, 2017 பிப்ரவரி 28.* பில்லிங் சம்பந்தப்பட்ட ஒரு பிரிவுல சில சர்வர்களை மட்டும் எடுக்க, எழுதி வச்ச நடைமுறைப்படியே ஒரு ஊழியர் கட்டளை கொடுத்தார். அதுல ஒரு விவரம் தப்பா விழுந்துச்சு. நினைச்சதைவிட ரொம்ப அதிகமான சர்வர்கள் கழன்டுச்சு. வர்ஜீனியாவுல எஸ்3 முழுசாத் திரும்ப நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அதை நம்பியிருந்த எத்தனையோ தளங்களும் கூடவே படுத்துச்சு. சேவை நிலையைக் காட்டுற பலகைகூட எஸ்3-யைச் சார்ந்திருந்ததால அதைக்கூட உடனே மாத்த முடியலை. அப்புறம் அவங்க செஞ்ச திருத்தத்தைக் கவனிங்க: அந்தக் கருவி மெதுவாத்தான் சர்வர்களை எடுக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது, அப்படி மாத்தினாங்க.

காவல் 4: எண்ணிக்கைக்கு ஒரு எல்லை. "நிறுத்த வேண்டியது 5-க்கு மேல இருந்தா எதையும் செய்யாம நில்"னு ஒரு 'இஃப்'. நம்மகிட்ட மூணு சர்வர்தான் இருக்கு, பட்டியல்ல முப்பது வந்தா எங்கேயோ ஃபில்டர் தப்பு.

நாலு காவலுக்கும் சேர்த்து பத்துப் பன்னிரண்டு வரி ஆகும். நிறுத்துற வேலை செய்யுற வரி ஒண்ணே ஒண்ணு. இந்த விகிதத்தைப் பார்த்து "ஓவரா இருக்கே"ன்னு நினைக்காதீங்க. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தாலும் மோட்டாரைப் போடுற பாகத்தைவிடக் காப்பாத்துற பாகம் குறைஞ்சதா இருக்காது.

சாவி யார்கிட்ட?

கடைசியா ஒண்ணு. ஆக்சஸ் கீயை ஸ்கிரிப்ட்டுக்குள்ள எழுதாதீங்க. ஸ்கிரிப்ட் கிட்ஹப் போகும், கீயும் கூடவே போகும். பொது ரெப்போக்கள்ல கீ தேடுறதுக்குன்னே நிரல்கள் சுத்திக்கிட்டிருக்கு. 'ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர்' கொடுத்தா கீ உங்க ஹோம் ஃபோல்டர்ல தனி ஃபைல்ல உட்காரும், ஸ்கிரிப்ட்ல வராது. ரூட் கணக்குக்கு கீ உருவாக்கவே வேண்டாம்.

இந்த ஸ்கிரிப்ட்டுக்குன்னு ஒரு தனி ஐஏஎம் யூசர் உருவாக்கி, பார்க்கவும் நிறுத்தவும் மட்டும் அனுமதி கொடுங்க. டெர்மினேட் அனுமதி கொடுக்காதீங்க. அப்போ ஸ்கிரிப்ட்ல எவ்வளவு பெரிய தப்பு இருந்தாலும் அதால எதையும் அழிக்க முடியாது. நாம கவனிக்கத் தவறினாலும் வேலை செய்யுற காவல் இது ஒண்ணுதான்.

கார்டே இல்லாம பழகணும்னா 'அஷ்யூர் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்' இருக்கு. கல்லூரி மெயில் ஐடி போதும், கிரெடிட் கார்டு கேட்க மாட்டாங்க, 100 டாலர் கிரெடிட் கிடைக்கும். அவங்களோட 'சௌத் இந்தியா' ரீஜியன் நம்ம சென்னையிலதான் இருக்கு.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. முதல் ஸ்கிரிப்ட்டை எழுதி எல்லா ரீஜியன்லயும் ஓட்டிப் பாருங்க. இன்னைக்கே. மறந்துபோன ஏதாவது ஒண்ணு மாட்ட வாய்ப்பு அதிகம்.
2. ஓடுற சர்வர்களுக்கு டேக் வைங்க.
3. ரெண்டாவது ஸ்கிரிப்ட்டை நாலு காவலோட எழுதி, மூணு ராத்திரி ட்ரை ரன்ல மட்டும் ஓட விடுங்க. தினமும் காலையில லாக் படிங்க.
4. மூணு நாளும் பட்டியல் சரியா இருந்தா நாலாவது ராத்திரி ட்ரை ரன்னை எடுங்க.
5. கணக்கு வேற யாரோட கார்டுல இருந்தாலும், இந்த மாச பில் பக்கத்தை அவங்களோட உட்கார்ந்து ஒரு தடவை பாருங்க.

ஸ்கிரிப்ட் எழுதினவங்க உங்க டீம்ல இருக்கிற இன்னொருத்தர்கிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. "இந்த வரி தப்பாப் போனா என்ன ஆகும்?"னு ஒவ்வொரு வரிக்கும் அவங்க கேட்கட்டும். பதில் சொல்ல முடியாத வரி எதுவோ, அடுத்த 'இஃப்' அங்கேதான் வரணும்.